61 மார்க்குக்குப் பயப்பட வேண்டுமா? அமெரிக்கப் பொருளியல் வகுப்பின் விதிகளைப் படிக்கும் முறை

கோவையில் பிளஸ் டூ முடித்துவிட்டு அமெரிக்க மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் இளநிலைப் பொருளியல் சேர்ந்திருக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: நுண்பொருளியல் அறிமுக வகுப்பின் முதல் மிட்டெர்ம் தேர்வில், அதாவது பருவத்தின் நடுவில் வைக்கும் தேர்வில், 100க்கு 61 வாங்கியிருக்கிறார். வகுப்புச் சராசரி 58. பள்ளியில் 95க்குக் கீழே இறங்கியதே இல்லை என்பதால் கலங்கிப்போய், பாடத்தையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறார். வகுப்பின் விதிகளை எழுதி முதல் நாள் கொடுத்த ஆறு பக்க சிலபஸில் கர்வ், ரீகிரேடு, லேப்டாப் தடை என்று என்னென்னவோ எழுதியிருக்கிறதே, இவற்றில் எதைப் பொருட்படுத்த வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பது இரண்டாவது கேள்வி. மதிப்பெண் பங்கீட்டையும் அனுப்பியிருக்கிறார். வீட்டில் செய்து கொடுக்க வேண்டிய பயிற்சிக் கணக்குகளான பத்து பிராப்ளம் செட்டுகளுக்கு 20 சதவீதம், அவற்றில் மிகக் குறைந்த இரண்டு கழிக்கப்படும். வகுப்பில் கையடக்கக் கருவியின் பொத்தானை அழுத்திப் பதில் சொல்லும் கிளிக்கர் கேள்விகளுக்கு 5. இரண்டு மிட்டெர்ம்கள் தலா 20. இறுதித் தேர்வு 35.

முதல் கேள்விக்கு நேரடியான பதில்: இந்த மார்க்குக்காகப் பாடத்தை விட வேண்டாம். ஏன் என்பதைச் சொல்வதற்கு இரண்டாவது கேள்வி வழியாகத்தான் போக வேண்டும்.

அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்குப் படித்தபோது டி.ஏ.வாக, அதாவது பேராசிரியருக்கு உதவும் மாணவ ஆசிரியராக, இதே பாடத்துக்கு விடைத்தாள் திருத்தியிருக்கிறேன், பிறகு சொந்தமாகவும் நடத்தியிருக்கிறேன். நம் ஊரில் மதிப்பெண் விதிகளைப் பல்கலைக்கழகம் போடுகிறது; ஆசிரியருக்கும் மாணவருக்கும் அது மேலிருந்து வருவது. அங்கே விதியை எழுதுபவர் பாடம் நடத்துபவரே. பொருளியல் ஆசிரியர் எழுதும்போது அதில் ஒரு தனிச் சுவை உண்டு. மாணவர்கள் எந்த எந்த வழியில் தப்பிக்கப் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்து யோசித்து, ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை வைத்திருப்பார். ஆகவே அந்த ஆறு பக்கத்தை நல்லொழுக்கப் போதனையாகப் படிக்காதீர்கள், விலைப்பட்டியலாகப் படியுங்கள். எந்த நடத்தைக்கு என்ன விலை, அந்த விலை ஏன் வைக்கப்பட்டது என்று ஒவ்வொரு வரியிலும் கேட்டால், எதைப் பொருட்படுத்துவது என்பது தானாக விளங்கும்.

கர்வில் தொடங்குகிறேன், உங்கள் பயம் முழுவதும் அதில்தான் இருக்கிறது. 90க்கு மேல் ஏ, 80க்கு மேல் பி என்று முன்கூட்டியே கோடு கிழித்துவிடுவது ஒரு முறை. தேர்வு எல்லாம் முடிந்த பிறகு மொத்த மதிப்பெண்களை வரிசையாக அடுக்கி, எங்கே கோடு கிழிப்பது என்று முடிவு செய்வது இன்னொரு முறை; இதைத்தான் கர்வ் என்கிறார்கள். உங்கள் வகுப்பு இரண்டாவது வகை. கர்வ் என்றதும் மணி வடிவ வரைபடத்தைக் கொண்டுவந்து கச்சிதமாகப் பொருத்துவார்கள் என்று நினைக்க வேண்டாம். பெரும்பாலான ஆசிரியர்கள் செய்வது எளிமையானது. நடுவில் இருக்கும் மாணவருக்கு என்ன கிரேடு என்று முதலில் தீர்மானிப்பார்கள். நான் பார்த்த அறிமுக வகுப்புகளில் அது பி மைனஸுக்கும் பி பிளஸுக்கும் இடையில் எங்காவது விழும். பிறகு மதிப்பெண் வரிசையில் இடைவெளி தெரியும் இடங்களில் மற்ற கோடுகள்.

இந்தக் கணக்கில் 61 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் இல்லை. 58க்கு மேலே 61 என்பதற்குத்தான் பொருள். நீங்கள் வகுப்பின் நடுவுக்குச் சற்று மேலே நிற்கிறீர்கள், அவ்வளவுதான் செய்தி. தேர்வை வேண்டுமென்றேதான் கடினமாக வைக்கிறார்கள். எல்லோரும் 90 வாங்கும் தாளில் நன்றாகப் புரிந்தவரையும் ஓரளவு புரிந்தவரையும் பிரிக்க முடியாது. கவனப்பிழை செய்தவர் மட்டும் கீழே போவார். சராசரி 58 வரும் தாளில்தான் மேலேயும் கீழேயும் இடம் இருக்கிறது. பிளஸ் டூ வினாத்தாளோடு இதை ஒப்பிட்டு மனம் நொந்துபோகும் தமிழ் மாணவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கலாம்.

கர்வுக்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்லிக்கொடுத்தால் நம் கிரேடு குறையுமோ என்ற நினைப்பு வந்துவிடும். 2012 இறுதியில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணினி நிரலாக்க வகுப்புகளில் நடந்தது இதற்கு நேர்மாறான வேடிக்கை. அங்கே ஆசிரியரின் விதிப்படி, இறுதித் தேர்வில் யார் அதிகம் வாங்குகிறாரோ அவருடைய மதிப்பெண்ணே 100. மற்றவர்கள் அதற்கு விகிதமாக. மாணவர்கள் கூடிப் பேசி, ஒருவர்கூடத் தேர்வு எழுதுவதில்லை என்று முடிவு செய்தார்கள். எல்லோருக்கும் பூஜ்யம் என்றால் அதிகபட்ச மதிப்பெண்ணும் பூஜ்யம்தானே, எல்லோருக்கும் 100. தேர்வறை வாசலில் காத்து நின்று, யாராவது நைசாக உள்ளே நுழைகிறார்களா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் நுழைந்தாலும் அத்தனை பேரும் ஓடிப்போய் எழுத வேண்டியதுதான். ஒருவரும் நுழையவில்லை. ஆசிரியர் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டு எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார், அடுத்த முறைக்கு விதியை மாற்றிவிட்டார். போட்டி நிறுவனங்கள் பேசிவைத்து விலையை ஏற்றும் விலைக் கூட்டணிகள் ஏன் உடைகின்றன, எப்போது உடையாமல் நிற்கின்றன என்ற பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை. முந்நூறு பேர் உள்ள உங்கள் வகுப்பில் இது நடக்காது. சக மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பதால் உங்கள் கிரேடு குறையவும் குறையாது: முந்நூறு பேரில் ஒருவர் நான்கு மார்க் கூடுதலாக வாங்கினால் சராசரி அசைவது ஒரு மார்க்கின் நூற்றில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. சொல்லிக்கொடுக்கும்போது உங்களுக்குத் தெளிவாகும் விஷயத்தின் மதிப்பு அதைவிட அதிகம்.

பொருளியல் துறை மட்டும் ஏன் இவ்வளவு கறார் என்ற உங்கள் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அமெரிக்கக் கல்லூரிகளில் பொதுவாக இலக்கியம், சமூகவியல் போன்ற துறைகளில் கிரேடு தாராளமாகவும், அறிவியல், கணிதம், பொருளியல் துறைகளில் இறுக்கமாகவும் இருக்கும். பிரின்ஸ்டன் 2004இல் ஏ வகைக் கிரேடுகள் 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எல்லாத் துறைகளுக்கும் வரம்பு வைத்துப் பார்த்தது, 2014இல் கைவிட்டது. வெல்லெஸ்லி மகளிர் கல்லூரி அதே 2004இல், அறிமுக நிலை, இடைநிலை வகுப்புகளின் சராசரி பி பிளஸைத் தாண்டக் கூடாது என்று விதித்தது. அந்தக் கல்லூரியின் பொருளியல் பேராசிரியர்கள் மூவரே பிறகு அதை ஆராய்ந்தார்கள். கிரேடு குறைக்க வேண்டியிருந்த துறைகளில் மாணவர் வரவும் குறைந்தது, பேராசிரியர்களுக்கு மாணவர்கள் தரும் மதிப்பீடும் குறைந்தது என்று கண்டார்கள். பொருளியல் துறைக்கு ஒரு மாற்றமும் தேவைப்படவில்லை, ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. தாராளம் ஏன் பரவுகிறது என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. நல்ல மாணவர்கள் பலர் ஒரு பி மைனஸைப் பார்த்ததும் பொருளியலை விட்டு ஓடுவதற்கும் இந்த வேறுபாடே காரணம். இரண்டு துறைகளின் கிரேடுகளை ஒரே அளவுகோல் என்று எண்ணி ஒப்பிட்டு, எனக்கு இது வராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இனி உங்கள் கணக்கைப் போடுவோம். முதல் மிட்டெர்முக்கு எடை 20. அதில் 61க்குப் பதில் 81 வாங்கியிருந்தால் மொத்தத்தில் நான்கு புள்ளி கூடியிருக்கும். அதே நான்கு புள்ளி, 35 எடையுள்ள இறுதித் தேர்வில் பதினொன்றரை மார்க் அதிகம் வாங்கினால் கிடைக்கிறது. அதாவது போனது போனதுதான், ஆனால் பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை. பாதிக்கு மேல் எடை இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. வகுப்பில் மூழ்கிய செலவு பற்றி, அதாவது இனி மீட்க முடியாத செலவை அடுத்த முடிவுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது பற்றி, நடத்தியிருப்பார்கள். அதை உங்கள் 61க்குப் பொருத்திப் பாருங்கள்.

பிராப்ளம் செட்டுகளில் குறைந்த இரண்டைக் கழிப்பார்கள் என்றால் எண்ணிக்கைக்கு வருவது எட்டு; ஒவ்வொன்றும் இரண்டரைப் புள்ளி. தாமதமாகக் கொடுத்தால் பூஜ்யம் என்ற விதி கொடுமையாகத் தெரியலாம். அன்றிரவே விடைகளை வெளியிட்டுவிடுவார்கள், அதற்குப் பிறகு வாங்குவதில் பொருள் இல்லை, காரணம் அவ்வளவுதான். கழிக்கப்படும் அந்த இரண்டும்தான் காய்ச்சல், ரயில் தாமதம், பாட்டி இறந்துவிட்டார் ஆகிய அனைத்துக்கும் ஆசிரியர் முன்கூட்டியே கொடுத்துவிட்ட விடுப்பு. அதனால்தான் தனியாக அனுமதி கேட்டு மின்னஞ்சல் எழுதினால் அசையமாட்டார். பல மாணவர்கள் செப்டம்பரில் சோம்பலாக இருந்த வாரங்களில் இந்த இரண்டையும் செலவழித்துவிட்டு, எல்லாப் பாடங்களும் ஒன்றாகக் கழுத்தை நெரிக்கும் நவம்பரில் கைபிசைவார்கள். கடைசி வரை கையில் வைத்திருங்கள். இன்னொன்று: மதிப்பெண்ணில் கழிந்தாலும் பாடம் கழிவதில்லை. நெகிழ்ச்சி (விலை மாறினால் தேவை எவ்வளவு மாறும் என்ற அளவு) பற்றிய செட்டை விட்டவர் மிட்டெர்மில் நெகிழ்ச்சிக் கேள்வி முன்னால் திருதிருவென்று விழிப்பார்.

மிட்டெர்மைத் தவறவிட்டால் மறுதேர்வு கிடையாது, அதன் எடை இறுதித் தேர்வுக்குப் போய்விடும் என்ற விதியில் ஒரு பொறி இருக்கிறது. படிக்காத அன்று இது வரம் போலத் தோன்றும். உங்கள் பங்கீட்டில் இறுதித் தேர்வின் எடை 55 ஆகிவிடும். பாதிக்கு மேல் கிரேடு ஒரே நாளில், அதுவும் வேறு இரண்டு மூன்று தேர்வுகள் இருக்கும் வாரத்தில். உண்மையாகவே உடம்பு முடியாதவருக்கு வைத்த வழி அது. மற்றவர்களுக்கு அதன் விலை மிக அதிகம், மருத்துவச் சான்றிதழ் கேட்காமலே பொய்க்காரணங்களை வடிகட்டிவிடுகிறது.

ரீகிரேடு பற்றி. ஒரு வாரத்துக்குள் எழுத்தில் கேட்க வேண்டும், கேட்டால் தாள் முழுவதும் மறுபடி திருத்தப்படும், மதிப்பெண் குறையவும் கூடும் என்று போட்டிருக்கும். மிரட்டல் போலத் தெரிந்தாலும் இது நியாயமானது. முந்நூறு தாள்களை நான்கைந்து டி.ஏ.க்கள் இரண்டு நாளில் திருத்தும்போது பிழைகள் இரு பக்கமும் விழுகின்றன. மாணவர்கள் தங்களுக்குப் பாதகமானவற்றை மட்டும் கொண்டுவருவார்கள். கூட்டலில் தவறு என்றால் தயங்காமல் கேளுங்கள், அதற்கு முழுத்தாளைத் தொடமாட்டார்கள். மற்றபடி, வெளியிட்ட விடையைப் பக்கத்தில் வைத்து, இந்த வரி இந்த விடையோடு ஒத்துப்போகிறது என்று சுட்டிக்காட்டி நான்கு வரி எழுதுங்கள். உதவித்தொகை போய்விடும், அப்பா கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார் என்றெல்லாம் எழுதினால் படிப்பவருக்கு வருத்தமாக இருக்கும், மார்க் கூடாது.

மார்க் எங்கே போகிறது என்பதை ஒரு கேள்வியில் காட்டுகிறேன். "பிரேசிலில் உறைபனி விழுந்து காப்பிப் பயிர் அழிந்தது. தேயிலைச் சந்தையில் விலைக்கும் அளவுக்கும் என்ன ஆகும்? வரைபடத்துடன் விளக்குக." எட்டு மார்க். திருத்துபவர் கையில் இருக்கும் பங்கீடு ஏறக்குறைய இப்படி இருக்கும்: அச்சுகளுக்குப் பெயர் எழுதி, தேயிலைச் சந்தைதான் என்று குறித்திருந்தால் 2. தேவைக் கோடு வலப்பக்கம் நகர்ந்திருந்தால் 2. புதிய சமநிலையில் விலை, அளவு இரண்டும் கூடுவதைக் காட்டியிருந்தால் 2. காப்பி விலை ஏறுவதால் மக்கள் அதற்குப் பதிலியான தேயிலைக்கு மாறுகிறார்கள் என்று ஒரு வாக்கியம் இருந்தால் 2. நம் பள்ளிகளில் பயின்ற மாணவர் என்ன செய்வார்? தேவை விதியின் வரையறை, அதன் அனுமானங்கள், விதிவிலக்குகள், கிஃபன் பண்டம் என்று ஒன்றரைப் பக்கம். ஒரு வரி தவறில்லை, ஒரு மார்க்கும் இல்லை. பிறகு அவசரமாக ஒரு படம், அச்சுகளுக்குப் பெயர் கிடையாது, உறைபனி என்றதும் அளிப்புக் கோட்டை இடப்பக்கம் தள்ளிவிட்டிருப்பார். அளிப்பு குறைந்தது காப்பிச் சந்தையில்; கேட்டது தேயிலையை. கூடுதல் தாள் வாங்கி எழுதுவது நம் தேர்வுகளில் துணிச்சல் தரும் பழக்கம். இங்கே எழுதுவது கூடக்கூடத் தவறுக்கான வாய்ப்புதான் கூடும், சரியான விடைக்குப் பக்கத்தில் முரணாக ஒன்றை எழுதினால் கழிக்கவும் செய்வார்கள். உங்கள் 61இல் விடுபட்ட 39 மார்க்கையும் இப்படி ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள். புரியாமல் போனது எவ்வளவு, புரிந்தும் காட்டாமல் விட்டது எவ்வளவு என்று தெரியும். இரண்டாவது வகை ஒரு வாரத்தில் சரியாகிவிடும்.

வருகை விதியில் நம் மாணவர்கள் ஏமாந்துபோவது வழக்கம். 75 சதவீத வருகை இல்லாவிட்டால் தேர்வெழுத முடியாது என்ற கட்டாயத்தில் வளர்ந்த நமக்கு, வருகைப் பதிவே இல்லாத வகுப்பு சுதந்திரமாகத் தெரியும். கிளிக்கருக்கு வைத்த 5 சதவீதம் அற்பம் என்று தோன்றும். கர்வில் பி பிளஸுக்கும் ஏ மைனஸுக்கும் இடையே உள்ள தூரம் பல சமயம் அதைவிடக் குறைவு. டேவிட் ரோமர் என்ற பொருளியலாளர் 1993இல் இதை ஆராய்ந்தார். பொருளியல் வகுப்புகளில் சராசரியாக மூன்றில் ஒருவர் வருவதில்லை. ஒழுங்காக வருபவருக்கும் விட்டுவிட்டு வருபவருக்கும் இடையே ஏறக்குறைய ஒரு முழுக் கிரேடு வித்தியாசம் என்று காட்டினார். ஆர்வம் உள்ளவர்தானே வகுப்புக்கு வருகிறார், ஆகவே வருகைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது என்று நீங்கள் கேட்டால், உங்களுக்குப் பொருளியல் வரும். அவரும் அதைக் கணக்கில் எடுத்துப் பார்த்தார். ஆர்வத்துக்கான அளவுகளைச் சேர்த்த பிறகும் தொடர்பு கணிசமாக எஞ்சியது.

லேப்டாப் தடைக்கு இதைவிட உறுதியான சான்று இருக்கிறது, அதுவும் உங்கள் பாடத்திலேயே. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் பொருளியல் அறிமுக வகுப்புகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள்: சில வகுப்புகளில் கணினிக்கு முழு அனுமதி, சிலவற்றில் மேசைமேல் படுக்கவைத்த டேப்லெட் மட்டும், சிலவற்றில் எதுவும் கூடாது. 2017இல் வெளியான முடிவின்படி, அனுமதி இருந்த வகுப்புகளில் இறுதித் தேர்வு மதிப்பெண் திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவில்) 0.18 பங்கு குறைந்தது. ராணுவ ஒழுங்கில், இருபது பேருக்கும் குறைவான அறையில் இது. முந்நூறு பேர் அரங்கின் பின்வரிசையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அதோடு, வளைகோடுகளைத் தட்டச்சு செய்து குறிப்பெடுக்கவும் முடியாது. ஒரு நோட்டு, இரண்டு வண்ணப் பேனா வாங்கிக்கொள்ளுங்கள்.

சிலபஸில் உண்மையாகவே அஞ்ச வேண்டிய பகுதி ஒன்றுதான். கல்வி நேர்மை என்ற தலைப்பில் இருக்கும், பெரும்பாலோர் படிக்காமல் தாண்டும் அந்தப் பத்தி. நம் கல்லூரிகளில் நண்பனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதுவதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை, ஆசிரியருக்கும் தெரியும். அங்கே பிராப்ளம் செட்டைக் கூடிப் பேசலாம், ஆனால் தனித்தனியாக எழுத வேண்டும், யாரோடு பேசினீர்கள் என்று மேலே பெயர் குறிக்க வேண்டும் என்று போட்டிருந்தால், அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். சரியான விடைகள் ஒத்திருப்பதால் யாரும் மாட்டுவதில்லை, தவறுகள் ஒத்திருப்பதால்தான் மாட்டுகிறார்கள். சமநிலை விலை 6.40 வர வேண்டிய இடத்தில் இரண்டு தாளிலும் 4.60 என்று இலக்கம் மாறிக் கிடந்தால், திருத்துபவர் வேறென்ன நினைப்பார்? புகார் பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போகும், பதிவில் ஏறும், பாடத்திலேயே எஃப், அதாவது தோல்வி, விழக்கூடும். இரண்டரைப் புள்ளிக்கு இந்த விலை. செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றி ஆசிரியருக்கு ஆசிரியர் விதி வேறுபடுகிறது. தெளிவாக இல்லையென்றால் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபீஸ் ஹவர்ஸ் என்று எழுதியிருக்கும் நேரத்தில் பேராசிரியரின் அறைக்குப் போகத் தயங்காதீர்கள். எனக்குப் புரியவில்லை என்று வெறுங்கையோடு போகாமல், உங்கள் விடைத்தாளோடு, இந்த இடத்தில் இப்படி நினைத்தேன், எங்கே தவறுகிறது என்று கேளுங்கள். கூடுதல் மார்க்குக்கு ஏதாவது வேலை தருவீர்களா என்று மட்டும் கேட்க வேண்டாம்; ஒருவருக்குக் கொடுத்தால் முந்நூறு பேருக்கும் கொடுக்க வேண்டும்.

வீட்டில் அப்பா பேராசிரியருக்கு எழுதப்போவதாகச் சொன்னதாகவும் குறிப்பிட்டிருந்தீர்கள். தடுத்துவிடுங்கள். ஃபெர்பா என்ற 1974ஆம் ஆண்டுச் சட்டப்படி, கல்லூரி மாணவரின் மதிப்பெண் விவரங்கள் மாணவருக்கே உரியவை. உங்கள் எழுத்துச் சம்மதம் இல்லாமல் பேராசிரியர் அவரிடம் எதையும் பேசமாட்டார். பதில் வராததை அவமதிப்பு என்று அவர் எடுத்துக்கொள்வார், தேவையில்லாத மனக்கசப்பு.

பாடத்தை விடுவது என்ற யோசனை மறுபடி வந்தால், கிரேடுக்கு முன்னால் விசாவைப் பாருங்கள். பருவத் தொடக்கத்தில் சேர்க்கை மாற்றும் கெடுவுக்குள் விட்டால் மதிப்பெண் சான்றிதழில் தடம் இருக்காது. அதற்குப் பிறகு விட்டால் டபிள்யூ, அதாவது பாடத்திலிருந்து விலகினார், என்று பதிவாகும். ஒரே ஒரு டபிள்யூ பெரிய கறை இல்லை. ஆனால் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் இளநிலை மாணவர் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 கிரெடிட் படித்தாக வேண்டும். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் முன் அனுமதி இல்லாமல் அதற்குக் கீழே போனால் விசா நிலையே பறிபோகும். பேராசிரியர் கையெழுத்துப் போட்டாலும் அது உதவாது. எத்தனை கிரெடிட் எடுத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. 15 என்றால் மூன்று கிரெடிட் பாடம் ஒன்றை விட்டாலும் 12 நிற்கும். 13 என்றால் 10க்கு இறங்கிவிடும், அந்த நிலையில் பாடத்தை விடும் படிவத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்த அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள்.